ஆறு வார மௌனம்: ஜென்னி லிண்டின் தொண்டை, 1841

1841 கோடையில், பாரீஸில் பாட்டு வாத்தியார் மனுவேல் கார்சியாவின் முன்னால் ஸ்வீடனிலிருந்து வந்த ஒரு பெண் நின்று பாடினார். வயது 20. சொந்த ஊரான ஸ்டாக்ஹோமில் அவர் ஏற்கெனவே பெரிய பெயர். அரசவைப் பாடகி என்ற பட்டம், ராயல் இசைக் கழகத்தில் உறுப்பினர் பதவி, எல்லாம் கைக்கு வந்துவிட்டன. அன்று பாட எடுத்துக்கொண்டதும் மேடையில் பாடிப் பழகிய பாட்டுதான். ஆனால் பாட்டு தேறவில்லை, குரல் பாதியில் கைவிட்டது. கேட்டு முடித்த கார்சியா, உங்களுக்குக் குரலே மிச்சமில்லை, சொல்லிக்கொடுத்துப் பிரயோஜனமில்லை என்கிற அர்த்தத்தில் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

அந்தப் பெண் ஜென்னி லிண்ட். ஆறு வருஷம் கழித்து லண்டனையும் அதற்கு மூன்று வருஷம் கழித்து அமெரிக்காவையும் பைத்தியமாக அடித்த அதே ஜென்னி லிண்ட். இடையில் நடந்ததை ஒரு நோயாளிக் குறிப்பு எழுதுகிற முறையில் எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது. காரணம் உண்டு. குரல் மருத்துவத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் வழக்கமாக 1854ல் ஆரம்பிப்பார்கள், குரல்வளையைப் பார்க்கும் கண்ணாடி வந்த வருஷம் அது. அதைக் கண்டுபிடித்தவரும் இதே கார்சியாதான். ஆனால் அவருடைய மிகப் பெயர் பெற்ற நோயாளி அந்தக் கண்ணாடிக்கு 13 வருஷம் முந்தியவர். தொண்டைக்குள் யாரும் எட்டிப் பார்க்காமலே தேறியவர்.

வந்த குறை

விடாத கரகரப்பு. கொஞ்சம் பாடினாலே களைத்துப்போகிற குரல். நடு ஸ்தாயியில் சில ஸ்வரங்கள் மெல்லிய துணி போட்டு மூடினாற்போல் மங்கலாக வருவது. இன்று காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் இந்த மூன்றையும் சொன்னால், தொண்டைக்குள் விளக்குக் குழாயை விடும் முன்பே அவர் பாதி முடிவுக்கு வந்துவிடுவார். தொழில் என்ன என்று கேட்டுப் பாடகி என்று பதில் வந்தால் மீதிப் பாதியும் முடிந்தது.

முன்கதை

பிறந்தது 1820 அக்டோபர் 6, ஸ்டாக்ஹோமில். ஒன்பது வயதில் ஜன்னலோரம் உட்கார்ந்து தன் பூனைக்குப் பாடிக்கொண்டிருந்ததை, ராயல் தியேட்டரில் ஆடும் ஒரு பெண்ணின் வேலைக்காரி கேட்டுவிட்டாள் என்று கதை. பூனை நிஜமோ இல்லையோ, அந்த வயதில் ராயல் தியேட்டர் பள்ளியில் சேர்ந்ததும் பத்து வயதிலிருந்தே மேடையேறியதும் நிஜம்.

12 வயதில் முதல் அடி. குரல் போய்விட்டது. கொஞ்ச காலம் பாட்டையே நிறுத்த வேண்டியதாயிற்று. மகரக்கட்டு என்றால் ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் வருவது என்று நினைக்கிறோம். பெண் பிள்ளைகளுக்கும் அந்த வயதில் குரல்வளை வளர்கிறது, அதற்குள் அதிர்ந்து ஒலி எழுப்பும் இரண்டு பட்டைகளான குரல்நாண் நீள்கிறது. ஆனால் குரல் உடைந்து ஊரைக் கூட்டாததால், வீட்டில் யாரும் 'கொஞ்ச நாள் பாட வேண்டாம்மா' என்று சொல்வதில்லை. ஜென்னிக்கு ஓய்வு கிடைத்தது, குரலும் திரும்பி வந்தது. ஓய்வு முடிந்ததும் பழையபடியே பாடினார். இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இந்தக் குறிப்பின் திறவுகோல் அதுதான்.

1838 மார்ச் 7ஆம் தேதி ஸ்டாக்ஹோமில் கதாநாயகியாக முதல் மேடை. அடுத்த மூன்று வருஷமும் அந்தத் தியேட்டர் அவர் தலையில்தான் ஓடியது. ஒரு மாதம் மென்மையான பாத்திரம், அடுத்த மாதம் கத்திப் பாட வேண்டிய பாத்திரம். தியேட்டருக்கு விடுமுறை விட்டால் ஓய்வு என்று நினைக்க வேண்டாம். பாரீஸ் போய்ப் படிக்கப் பணம் வேண்டுமே, வெளியூர்களில் கச்சேரி. குரலைச் சரிசெய்துகொள்ளும் செலவுக்காகக் குரலை இன்னும் தேய்த்துக்கொண்டிருந்தார் என்பது யாருக்கும் உறைக்கவில்லை போலிருக்கிறது. 1841 ஜூனில் நோர்மாவாகப் பாடிவிட்டுக் கிளம்பினார். ஆப்பெரா என்பது முழுக்கப் பாட்டாலேயே நடக்கும் நாடகம். இத்தாலிய ஆப்பெராவில் சோப்ரானோக்களின், அதாவது உச்ச ஸ்தாயிப் பாடகிகளின், எலும்பை நொறுக்கும் பாத்திரங்களில் அதுவும் ஒன்று.

பரிசோதனை

இந்தத் தலைப்புக்குக் கீழே 1841ல் எழுதுவதற்கு அதிகம் இல்லை. நாக்கைக் கரண்டியால் அழுத்தினால் உள்நாக்கு தெரியும், டான்சில் தெரியும், தொண்டையின் பின்சுவர் தெரியும். அதற்குக் கீழே இருட்டு. வளைந்து இறங்கும் வழியில் குரல்வளை மூடியும் குறுக்கே நிற்கிறது. மெழுகுவர்த்தியும் கண்ணாடியும் வைத்த ஒரு கருவியை ஜெர்மனியில் போசினி 1800களின் தொடக்கத்தில் செய்து பார்த்தார். லண்டனில் பாபிங்டன் 1829ல் ஒரு கண்ணாடியைக் காட்டினார். இரண்டும் நிலைக்கவில்லை. குரல்நாண் எப்படி இருக்கும் என்று மருத்துவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் பிணத்தை அறுத்துப் பார்த்த கணக்கு.

அதனால் என்ன ஆயிற்று என்றால், கண்ணுக்குத் தெரிந்த உறுப்புகள் எல்லாம் பழியைச் சுமந்தன. கரகரப்பா? உள்நாக்கு நீளம். குரல் எட்டவில்லையா? டான்சில் பெரிது. பின்சுவரில் குருணை குருணையாகச் சிவந்திருக்கிறதா? அதைச் சுட்டுவிடு.

வேறு யாரிடமாவது போயிருந்தால்

ஜென்னி பாட்டு வாத்தியாரிடம் போகாமல் மருத்துவரிடம் போயிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று பார்ப்பது வீண் கற்பனை இல்லை. அதே வருஷங்களில் அதே குறையோடு வந்தவர்களுக்கு என்ன செய்தார்கள் என்பது பதிவாகியிருக்கிறது.

முதல் வரிசையில் படிகாரக் கொப்பளிப்பு, கழுத்தில் அட்டை விடுவது, தோலில் கொப்புளம் எழுப்பும் பற்று. படிகாரத்தால் பெரிய கெடுதல் இல்லை. அட்டையால் இரத்தம் போகும், அதோடு சரி.

அப்புறம் கத்தி. லண்டனில் ஜேம்ஸ் யியர்ஸ்லி என்ற மருத்துவர், பெருத்த டான்சிலையும் நீண்ட உள்நாக்கையும் வெட்டினால் குரலும் பேச்சும் காதும் தேறும் என்று 1840களில் புத்தகமே போட்டார். வெட்டக் கருவியும் தயாராக இருந்தது. பிலடெல்பியாவில் பிசிக் 1828லேயே, வளையத்துக்குள் டான்சிலைச் சிக்கவைத்து அலகைத் தள்ளி நறுக்கும் குட்டி கில்லட்டின் ஒன்றைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்திருந்தார். ஈதர் மயக்க மருந்து பாஸ்டனில் 1846ல்தான் வருகிறது. அதற்கு முன் நாற்காலியில் உட்காரவைத்துத் தலையைப் பின்னாலிருந்து ஒருவர் பிடித்துக்கொள்ள, வாயைத் திற என்று சொல்லி நறுக்குவதுதான். உள்நாக்கின் நுனி போனால் கரகரப்பு எப்படிப் போகும் என்று இன்று கேட்கத் தோன்றும். அன்று தொண்டையில் தொங்கிக்கொண்டு கண்ணில் படுவது அது ஒன்றுதான்.

எல்லாவற்றிலும் துணிச்சலான வைத்தியம் நியூயார்க்கில் நடந்தது. அங்கே பாதிரிமார்கள் கூட்டம் கூட்டமாகக் கரகரப்போடு வந்தார்கள். ஞாயிறு முழுக்க ஒலிபெருக்கி இல்லாத பெரிய கட்டடத்தில் பிரசங்கம் செய்கிறவர்கள். அந்த நோய்க்கே பாதிரியார் தொண்டைப்புண் என்று பெயர். ஹொரேஸ் கிரீன் என்ற மருத்துவர் வளைந்த திமிங்கில எலும்புக் கம்பியின் நுனியில் சிறு பஞ்சைக் கட்டி, சில்வர் நைட்ரேட் கரைசலில் தோய்த்து, நாக்கைத் தாண்டிக் குரல்வளைக்கு உள்ளேயே இறக்கித் தடவினார். 1846ல் இதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். சில்வர் நைட்ரேட் நமக்கு அந்நியமில்லை. ஓட்டுப் போட்டால் விரலில் வைக்கிற மையில் இருப்பது அதுதான். தோலில் பட்டால் கறுத்து, அந்தத் தோல் உரியும் வரை போகாது. அந்த மருந்தைக் கண்ணால் பார்க்காமல், மூச்சு போகும் வழியில், குரல்நாண்மேல் தடவுவது.

சக மருத்துவர்கள் கிரீனைச் சும்மா விடவில்லை. சிகிச்சை கெடுதல் என்பதல்ல அவர்களின் பெரிய குற்றச்சாட்டு. பஞ்சு குரல்வளைக்குள் போகவே முடியாது, இவர் பொய் சொல்கிறார் என்பதுதான். பல வருஷம் அந்தச் சண்டை நடந்தது. நோயாளிக்கு நல்லதா என்ற கேள்வி நடுவில் எங்கேயோ தொலைந்துபோனது.

கொடுத்த சிகிச்சை

கார்சியா மருத்துவர் இல்லை. 1805ல் பிறந்தவர், ஆப்பெராக் குடும்பம். அப்பாவும் மனுவேல் கார்சியாதான், பெரிய டெனர், அதாவது மேல் ஸ்தாயியில் பாடும் ஆண் பாடகர். தங்கைகள் மரியா மாலிப்ரான், பொலின் வியார்டோ இருவரும் ஐரோப்பா முழுக்கப் புகழ் பெற்ற பாடகிகள். இவர் குரல் மட்டும் தாங்கவில்லை. 20 வயதில் அப்பாவின் குழுவோடு நியூயார்க் போய்ப் பாடினார், சில வருஷத்திலேயே மேடையை விட்டுவிட்டார். அதற்குப் பிறகு இராணுவ மருத்துவமனைகளில் வேலை பார்த்தபடி உடற்கூறு படித்தார். கசாப்புக் கடையிலிருந்து விலங்குகளின் குரல்வளைகளை வாங்கிவந்து துருத்தியால் காற்றை ஊதி ஒலி எழுப்பிப் பார்த்தார் என்பார்கள். 1840ல் மனிதக் குரலைப் பற்றிப் பிரெஞ்சு அறிவியல் கழகத்துக்கு ஓர் ஆய்வுக் குறிப்பும் கொடுத்திருந்தார். ஆக, ஜென்னி அவர் முன் நின்றபோது எதிரில் இருந்தவர், குரல் போய்விட்டால் எப்படியிருக்கும் என்று சொந்த உடம்பில் அறிந்தவர்.

முதலில் விரட்டினார். அப்புறம், அழுதுகொண்டு நின்றவரிடம், ஆறு வாரம் ஒரு ஸ்வரம்கூடப் பாடக் கூடாது, பேச்சையும் முடிந்த மட்டும் குறைத்துக்கொள்ள வேண்டும், பிறகு வாருங்கள், பார்க்கலாம் என்றார். மருந்து இல்லை, கொப்பளிப்பு இல்லை.

இந்த ஆறு வாரத்தைப் பெரும்பாலும் சிகிச்சை என்றுதான் எழுதுகிறார்கள். எனக்கு அது பாதிதான் சரி என்று படுகிறது. மற்றப் பாதி, அது ஒரு சோதனை. குரல்நாணில் வீக்கம் மட்டும் இருந்தாலோ, அல்லது மோதி மோதித் தடித்த காய்ப்பு இன்னும் மெத்தென்று இருந்தாலோ, ஆறு வார ஓய்வில் அது வற்றும், குரலில் கொஞ்சமாவது தெளிவு வரும். இறுகிப்போன காய்ப்பாக இருந்தால் வராது. அப்போது சொல்லிக்கொடுத்தும் பயனில்லை. உள்ளே பார்க்க வழியில்லாத ஒருவர் நாட்களை வைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று அளந்தார். மருத்துவர்கள் இன்றும் ஒரு சில வாரம் சிகிச்சை கொடுத்துப் பார்த்து, அடங்குகிறதா என்பதை வைத்து நோயைப் பிரித்தறிவது உண்டு.

ஆறு வாரம் கழித்து வந்தபோது தெளிவு தெரிந்தது. ஆகஸ்ட் கடைசிவாக்கில் பாடம் தொடங்கியது, வாரத்துக்கு இரண்டு. செப்டம்பரில் ஜென்னி ஊருக்கு எழுதிய கடிதத்தில், ஐந்து பாடம் ஆகிவிட்டது, எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது என்கிறார். ஸ்வர வரிசையை மேலும் கீழும் மெதுவாக, மிகக் கவனமாகப் பாடுவது. பிறகு திரில், அதாவது பக்கத்துப் பக்கத்து ஸ்வரம் இரண்டை மாற்றி மாற்றி உருட்டுவது, அதையும் பயங்கர மெதுவாக. கூடவே கரகரப்பைப் போக்கப் பார்ப்பது. மூச்சு விஷயத்தில் வாத்தியார் ரொம்பக் கண்டிப்பு.

கதாநாயகியாக மூன்று வருஷம் ஒரு தலைநகரத்தையே கட்டிப்போட்ட பெண் சரளி வரிசைக்குத் திரும்பினார் என்று நம்மூர்ப் பாஷையில் சொல்லலாம். வெட்கப்படவில்லை. கார்சியா என்று ஒருவர் இருப்பது என் அதிர்ஷ்டம் என்றும் அதே கடிதத்தில் எழுதினார். 1842 கோடை வரை, ஏறக்குறைய பத்து மாதம், இதேதான்.

ஏன் பலித்தது

பெண்களின் குரல்நாண் ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் நீளம் இருக்கும். சாதாரணமாகப் பேசும்போது அது ஒரு விநாடிக்குச் சுமார் 200 தடவை ஒன்றோடொன்று மோதுகிறது. சோப்ரானோ தன் உச்ச ஸட்ஜத்தில் நிற்கும்போது ஆயிரத்துக்கும் மேல். மோதும் விசை நாண் முழுக்க ஒரே மாதிரி விழுவதில்லை. முன்பக்கத்து மூன்றில் ஒரு பங்கும் நடுப்பகுதியும் சேரும் இடத்தில் அதிகம் விழுகிறது. உலக்கை பிடிக்கிற கையில் எந்த இடத்தில் காய்ப்பு வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம் அல்லவா, அதே மாதிரி இங்கேயும். முதலில் நீர் கோத்து வீங்கும், தொடர்ந்து அடி விழுந்தால் இரண்டு பக்கமும் எதிரெதிராகக் காய்ப்பு எழும். காய்ப்பு முந்திக்கொண்டு முட்டுவதால் அதன் இருபுறமும் நாண் சேராமல் சந்து விழும், சந்து வழியே காற்று ஒழுகும். கேட்பவர் காதில் அது கரகரப்பாக, மங்கலாக விழும். குரலில் சத்தம் குறைகிறதே என்று பாடுகிறவர் இன்னும் அழுத்திப் பாடுவார். அடி இன்னும் பலமாக விழும்.

இந்தச் சுற்றை மௌனம் நிறுத்தி வைக்கும், உடைக்காது. 12 வயதில் ஜென்னிக்கு ஓய்வு கிடைத்ததே, குரலும் திரும்பியதே. எட்டு வருஷத்தில் மறுபடி அதே இடத்துக்கு வந்து நின்றார், காரணம் பாடும் விதம் மாறவில்லை. 20 வயதில் கிடைத்த இரண்டாவது ஓய்வுக்குப் பின்னால் பத்து மாத சாதகம் வந்தது. மூச்சை எங்கிருந்து விடுவது, ஸ்வரத்தை எப்படித் தொடங்குவது, எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு ஒலி என்று அடியிலிருந்து மாற்றினார்கள். ஒரே நோயாளி, ஒரே தொண்டை, இரண்டு ஓய்வுகள், இரண்டு முடிவுகள். இந்த வழக்கில் எனக்கு மிகப் பிடித்தது இந்த ஒப்பீடுதான். புத்தகங்களில் ஆறு வார மௌனம் மட்டும் கதையாக நிற்கிறது, மெதுவான திரிலைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இன்று இவ்வளவு நீண்ட முழு மௌனத்தை யாரும் எழுதிக்கொடுப்பதில்லை. குரல்நாணில் அறுவை செய்தால்கூட வழக்கமாகச் சில நாள், ஒரு வாரம் என்ற அளவில்தான், பிறகு மெல்ல மெல்லப் பேசவைத்துப் பயிற்சி. காய்ப்புக்கோ முதல் சிகிச்சையே குரல் பயிற்சிதான். மருந்துச் சீட்டில் அதைப் பார்த்ததும் 'வெறும் பயிற்சிதானா டாக்டர்?' என்று கேட்கிறவர்கள் உண்டு.

கண்ணாடி வந்த பிறகு

1854. கார்சியா அப்போது லண்டனில் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கில் வாத்தியார். விடுமுறைக்குப் பாரீஸ் வந்தவர் பாலே ரோயால் என்ற அரண்மனை வளாகத்தில் உலாத்திக்கொண்டிருந்தபோது ஜன்னல் கண்ணாடிகளில் வெயில் பட்டு மின்னுவதைப் பார்த்தார். ஒளியைக் கண்ணாடியால் திருப்பித் தொண்டைக்குள் அனுப்பினால் என்ன என்று அப்போது பொறி தட்டியது. நேரே ஷாரியே என்ற கருவி செய்பவரின் கடைக்குப் போய், நீண்ட காம்பு வைத்த பல் மருத்துவர் கண்ணாடி ஒன்றை ஆறு ஃபிராங்குக்கு வாங்கினார். வீட்டுக்கு வந்து அதை வெந்நீரில் முக்கித் துடைத்து, உள்நாக்கை ஒட்டிப் பிடித்தார். இன்னொரு கையில் முகம் பார்க்கும் கண்ணாடி, அதில் பட்ட வெயில் வாய்க்குள். எதிரே தெரிந்தது திறந்து கிடக்கும் அவருடைய சொந்தக் குரல்வளை, அதற்கும் கீழே மூச்சுக்குழாயின் ஒரு பகுதி.

இதைச் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், சொல்வது மாதிரி சுலபமில்லை. ஃபைபர் குழாய் வரும் வரை எல்லா மருத்துவ மாணவரும் படித்த பாடம் இது. ஸ்பிரிட் விளக்கில் கண்ணாடியைக் காட்ட வேண்டும், இல்லையென்றால் மூச்சுப் பட்டு மங்கும். அதிகம் சுட்டுவிட்டதா என்று நம் புறங்கையில் வைத்துப் பார்க்க வேண்டும். வெளியே நீட்டிய நாக்கைத் துணியால் பிடித்துக்கொண்டு, உள்நாக்கைக் கண்ணாடியின் முதுகால் மேலே தள்ளி, 'ஈ' சொல்லுங்கள் என்க வேண்டும். ஒரு நூல் இடறினால் குமட்டல். 'ஈ' வரும்போது இரண்டு வெள்ளைப் பட்டைகள் சட்டென்று வந்து சேரும், மூச்சிழுத்தால் விலகும். கார்சியா இதை யாருடைய உதவியும் இல்லாமல், தன் தொண்டையிலேயே, பாடிக்கொண்டே பார்த்தார்.

1855ல் லண்டன் ராயல் சொசைட்டியில் அவருடைய கட்டுரை வாசிக்கப்பட்டது. அவருக்கு வேண்டியிருந்தது ஸ்வரம் எங்கே எப்படிப் பிறக்கிறது என்பது. நோய் அவர் யோசனையிலேயே இல்லை. மருத்துவர்களும் கண்டுகொள்ளவில்லை. 1857ல் வியன்னாவில் லூட்விக் டுர்க் நோயாளிகளிடம் இதே மாதிரிக் கண்ணாடியை முயன்றார், குளிர்காலம் வந்து வெயில் போனதும் மூட்டைகட்டி வைத்துவிட்டார். அந்தக் கண்ணாடிகளை இரவல் வாங்கிய யோஹான் செர்மாக், வெயிலுக்குப் பதில் விளக்கும், நடுவில் ஓட்டை போட்ட குழிக் கண்ணாடியும் வைத்துக் காரியத்தை முடித்தார். யார் முந்தி என்று இருவருக்கும் பெரிய சண்டை. வாத்தியாரை வம்பில் யாரும் இழுக்கவில்லை. கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகம் 1862ல் கார்சியாவுக்குக் கௌரவ மருத்துவப் பட்டம் கொடுத்தது.

சரி, பார்க்க முடிந்தது. பார்த்தால் கை சும்மா இருக்குமா?

1860களின் தொடக்கத்தில் டூபிங்கனில் விக்டர் ஃபோன் புருன்ஸ், தன் உடன்பிறந்த சகோதரரின் குரல்வளையில் இருந்த சதைக்கட்டியை, கழுத்தை அறுக்காமல், கண்ணாடியைப் பார்த்தபடி வாய் வழியாகவே எடுத்தார். மரத்துப்போகும் மருந்து இல்லாத காலம். தொண்டையில் கருவி பட்டால் குமட்டாமல் இருக்க நோயாளியை வாரக்கணக்கில் பழக்க வேண்டியிருந்தது. 1884ல் கார்ல் கோலர் கொக்கெயின் கண்ணை மரக்கச் செய்கிறது என்று காட்டினார், அதே வருஷம் வியன்னாவில் எல்லினெக் அதைத் தொண்டையில் பூசினார். அதன் பிறகு குரல்வளைக்குள் கருவி விடுவது நிமிஷ வேலையாகிவிட்டது.

மூக்கின் கதை கொஞ்சம் வேறு. அங்கே நிஜமாகவே நல்லதும் நடந்தது. கோபன்ஹேகனில் வில்ஹெல்ம் மையர் 1868ல், வாயால் மூச்சுவிட்டு, காது மந்தமாகி, உயிரில்லாத குரலில் பேசும் இளம் நோயாளிகளின் அண்ணத்துக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்த்தார். மெத்தென்ற சதை கையில் பட்டது. இன்று அடினாய்டு என்கிறோம். 'மாமா' என்று சொன்னால் 'பாபா' என்று கேட்குமே, அந்தக் குரல். அதைச் சுரண்டி எடுத்ததும் குரல் திறந்தது. நோய் இருந்த இடத்தில் கை வைத்தார், பலித்தது.

ஆனால் மின்சாரத்தில் சிவக்கக் காய்ந்த கம்பி கிடைத்ததும், மூக்குக்குள் சற்றே வீங்கிய சதையையெல்லாம் சுடும் பழக்கம் பரவியது. கொக்கெயின் மூக்கில் பட்டால் சதை சுருங்கி மூச்சு திறக்கும். பாடகருக்கு அந்த நிமிஷம் குரல் பிரமாதமாகக் கேட்கும். மருந்து இறங்கியதும் அடைப்பு பழையதைவிட மோசமாகத் திரும்பும், மறுபடி ஒரு பூச்சு. மேடைக்கு முன் மூக்கில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, அது இல்லாமல் தூங்கக்கூட முடியாமல் தவிக்கிறவர்களை இன்றும் பார்க்கலாம். இப்போதைய சொட்டு மருந்து கொக்கெயின் இல்லை, ஆனால் சுருங்கி வீங்கும் அந்த ஏற்ற இறக்கம் அதேதான்.

பாடகர் காய்ப்பு என்ற பெயர் மருத்துவப் புத்தகங்களில் ஏறியதும் கத்தி அங்கேயும் போனது. 1909ல் என்ரிகோ கரூசோ மிலானில் குரல்நாணில் இருந்த காய்ப்பை அறுவை செய்து எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகும் பத்து வருஷத்துக்கு மேல் உலகத்தின் முதல் டெனராகவே இருந்தார், ஆகவே அறுவையே ஆகாது என்று சொல்லவும் இந்த வரலாறு இடம் தரவில்லை. கரூசோவின் குரலை வைத்து ஜென்னிக்கும் அறுவை சரியாக இருந்திருக்கும் என்று சொல்லவும் முடியாது. 1841ல் அவர் தொண்டையில் கை வைத்திருக்கக்கூடியவர்கள் பார்க்காமல் கை வைத்திருப்பார்கள்.

தொடர் கவனிப்பு

1842 அக்டோபரில் ஸ்டாக்ஹோமில் மறுபடி மேடையேறினார். எடுத்துக்கொண்டது நோர்மா. ஒன்றரை வருஷத்துக்குள் அதே ஊர், அதே பாத்திரம், இரண்டு குரல். முன்பு கேட்ட காதுகளே திரும்பக் கேட்டதால், சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஒப்பிட இதைவிட நல்ல ஏற்பாடு ஆய்வாளர் கேட்டாலும் கிடைக்காது.

1847 மே மாதம் லண்டன். 1849ல் ஆப்பெராவை விட்டு விலகினார். குரல் போனதால் விலகவில்லை, அடுத்த வருஷமே பி. டி. பார்னம் என்ற அமெரிக்கக் கேளிக்கை முதலாளியின் ஏற்பாட்டில், ஒரு கச்சேரிக்கு ஆயிரம் டாலர் பேசி, அமெரிக்கா போனார். 1850 செப்டம்பரில் நியூயார்க்கின் காஸ்ல் கார்டனில் முதல் கச்சேரிக்கு 5,000 பேருக்கு மேல். மைக் கிடையாது. பார்னமுக்காக மட்டும் 90க்கும் அதிகமான கச்சேரிகள். இதில் ஒரு பங்கு பாரத்தை ஸ்டாக்ஹோமில் சுமந்தபோதே உடைந்த தொண்டை அது. 1883ல், 62 வயதில், இங்கிலாந்தின் மால்வர்னில் கடைசியாகப் பொது மேடையில் பாடினார். அதே வருஷம் லண்டனில் புதிதாகத் திறந்த ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக்கில் பாட்டு சொல்லிக்கொடுக்கச் சேர்ந்தார். 1887ல் காலமானார். வாத்தியார் அவருக்குப் பின்னும் 19 வருஷம் இருந்தார். 1905 மார்ச் 17ஆம் தேதி கார்சியாவின் நூறாவது பிறந்தநாளுக்கு லண்டனில் பல நாட்டுத் தொண்டை மருத்துவர்கள் திரண்டு வந்தார்கள்.

முழுக்கக் குணம் என்று இந்தக் குறிப்பில் எழுத முடியாது. மேல் ஸ்தாயி பளிச்சென்று திரும்பியது, மூச்சு நீண்டது, கரகரப்பு போனது. நடு ஸ்தாயியில் அந்தச் சில ஸ்வரங்களின் மேல் விழுந்த துணி மட்டும் கடைசி வரை முழுசாக விலகவில்லை. கூர்ந்து கேட்டவர்கள் அதைக் குறித்து வைத்திருக்கிறார்கள். அந்த இடத்தை எப்படித் தாண்டுவது என்று ஜென்னி லிண்டுக்குத் தெரியும். அழுத்தாமல், காற்றைக் குறைத்து, மெல்லத் தொட்டுவிட்டு மேலே போய்விடுவார்.